தூத்துக்குடியில் கப்பலேறிய பதினைந்து வயது

காளையார்கோவில் காடு வீழ்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறியதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம், நாடுகடத்தப்பட்டவர்களோடு பினாங்குக் கரையில் இறங்குவதாக ஏற்பாடு. ஆனால் தூத்துக்குடியிலேயே ஜேம்ஸ் வெல்ஷ் வழிமறிக்கிறார்.

வெல்ஷ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. 1795 வாக்கில் மதுரைச் சீமையில் இருந்த இளைஞர். சிறுவயலில் சின்ன மருதுவின் அரண்மனைக்குக் காவலே கிடையாது, யாரும் போகலாம் வரலாம் என்று வியந்து எழுதியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவேதான். நல்ல அரிசியும் பழங்களும் அரண்மனையிலிருந்து வெல்ஷுக்கு வந்துகொண்டே இருக்கும். அதில் தடித்த தோலுள்ள ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தை, 1830-ல் லண்டனில் அச்சான நினைவுக் குறிப்புகளிலும் அவர் மறக்காமல் சேர்த்திருக்கிறார்.

ஆறே ஆண்டுகளில் அந்த வீட்டு விருந்தாளி அந்த வீட்டையே வேட்டையாடிய படையில் நின்றார். தொடையில் குண்டடிபட்டுப் பிடிபட்டுத் தூக்கிலேறினார் சின்ன மருது. அவருடைய மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. தூக்கு இல்லை, ஆயுள் முழுக்க நாடுகடத்தல்.

1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' கப்பல் கிளம்பியது. சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவர் உட்பட 70-க்கும் மேற்பட்டோர் கைதிகள். புறப்படும்வரை அவர்களுக்குப் பொறுப்பு வெல்ஷ். அந்தப் பையனின் விலங்கின் பாரத்தை அவர் குறைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சிறுவனை ஏன் கடல் கடத்தினார்கள்? மருதுவின் பிள்ளை சிவகங்கைச் சீமையில் உயிரோடு நடமாடினால் அவன் பின்னால் ஊர் திரளும். கம்பெனிக்கு இருந்த பயம் அதுதான். சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் ஆட்சி, தகப்பன் செய்த போருக்குப் பிள்ளையைத் தண்டித்தது. எந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டினாலும் இதை நீதி என்று நான் ஏற்கமாட்டேன்.

1818-ல் உடல்நலம் தேடிப் பினாங்குக்குப் போன வெல்ஷின் முன் கூனிக் குறுகிய ஒரு மனிதர் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் வெல்ஷ் நிலைகுலைந்தார். துரைசாமிக்கு அப்போது முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததோ ஒரு கிழவர்.

வெல்ஷின் ஈரமனத்தைப் பலர் புகழ்கிறார்கள். அவர் எழுதியிராவிட்டால் துரைசாமியின் இந்தக் கோலம் நமக்குத் தெரிந்தே இருக்காது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் உண்ட வீட்டுக்கு எதிராகப் படை நடந்தபோது அவர் கம்பெனியின் சம்பளத்தை விடவில்லை. நல்ல மனிதர்களின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தக் கொடுமை நடந்தது. சிறுவயல் சோற்றுக்கு அவர் பட்ட கடன் தீரவில்லை என்பதே என் தீர்ப்பு.

பினாங்கில் இறங்கிய சிவகங்கை அரசர் அங்கிருந்து சுமத்ராவின் பென்கூலனுக்குப் போக நேர்ந்தது எப்படி? அடுத்த இதழில்.