சாவ்தான், விஷ்ராம்: என்.சி.சி.யின் கதை

என்.சி.சி. என்றதும் நம்மில் பலருக்கு காக்கிச் சட்டையும், வெயிலில் பரேடும், அது முடிந்ததும் கிடைக்கும் டிபனும்தான் நினைவுக்கு வரும். தேசிய மாணவர் படை என்கிற இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பக்கமே உண்டு. திருவேங்கடம் பக்கத்தில் இருக்கிற எனக்கே அதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்துக்கு ஆள் பற்றாக்குறை. 1917-இல் ஆங்கிலேய அரசு இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் படையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1916-இல், அமெரிக்காவும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக இப்படி ஒரு பயிற்சியைச் சட்டப்படி தொடங்கியிருந்தது. 1920-இல் நம் படை 'பல்கலைக்கழகப் பயிற்சிப் படை' ஆனது. 1942-இல் பெயர் இன்னொரு முறை மாறியது. பெயர் மாறினாலும் நோக்கம் ஒன்றுதான்: ராணுவத்துக்கு ஆள் வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டித்தான் இந்த எண்ணம் மாறியது. 1946-இல் ஹெச்.என். குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின்படி 1948-இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி என்.சி.சி. பிறந்தது. அடுத்த ஆண்டே மாணவிகளுக்கும் பிரிவு தொடங்கினார்கள். 1950-இல் விமானப் பிரிவு, 1952-இல் கடற்படைப் பிரிவு.

அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்தார் என்பதற்காக யாரையும் போர்ப் பணிக்கு அனுப்ப முடியாது. அதாவது, இது சிப்பாய்களைத் தயாரிக்கும் இடம் அல்ல. ஒழுக்கமும் தலைமைப் பண்பும் உள்ள குடிமக்களை வளர்க்கும் இடம். 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பதே அதன் முழக்கம்.

ஆனால் 1962-இல் சீனப் போர் வந்தது. நாடே அதிர்ந்து போனது. 1963-இல் கல்லூரி மாணவர்கள் அனைவருக்கும் என்.சி.சி. கட்டாயம் என்றார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மைதானத்துக்கு வந்தாக வேண்டும்.

இங்கேதான் தமிழ்நாட்டின் கதை ஆரம்பிக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் அணிவகுப்பு ஆணைகள் ஆங்கிலத்தில் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அவை இந்திக்கு மாறின. 'அட்டென்ஷன்' போய் 'சாவ்தான்' வந்தது. 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' போய் 'விஷ்ராம்' வந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது அதை முன்னின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். கட்டாய என்.சி.சி. இருந்த தலைமுறையும் அதேதான். தெருவில் எந்த மொழித் திணிப்பை எதிர்த்தார்களோ, மைதானத்தில் அதே மொழியின் ஆணைக்குக் கால் மாற்றி நடந்தார்கள்!

1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்தார். 1968 ஜனவரி 23-ஆம் தேதி சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தை நாம் இருமொழிக் கொள்கைக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில்தான் இருந்தது. ஒரு மாநிலச் சட்டமன்றம் 'சாவ்தான்' பற்றி விவாதித்தது என்றால் இன்று நம்புவது கஷ்டம்தான்.

அதே 1968-இல் என்.சி.சி. நாடு முழுவதும் மறுபடி விருப்பப் பயிற்சி ஆனது. மறு ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். வந்தது.

சரி, யார் பக்கம் நியாயம்? 'பரேடில் இருப்பது கொஞ்சம் சொற்கள்தான். இரண்டே நாளில் பழகிவிடும். நாடு முழுக்க ஒரே ஆணை இருந்தால்தான் எல்லா மாநிலத்தவரும் ஒன்றாக நடக்க முடியும்' என்பது ஒரு பக்கம். குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்கும்போது இதை மறுக்க முடியாது. 'குடிமகனாக வளர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவன் மொழியைக் கேட்காமலே ஆணையிட்டால் எப்படி?' என்பது மறுபக்கம்.

என் எண்ணம் இது. அந்த மாணவர்களை அதிகம் உறுத்தியது வார்த்தையை விட கட்டாயம்தான். விரும்பிச் சேர்ந்தவனுக்கு 'தேஜ் சல்' என்பது விசில் சத்தம் மாதிரி. பிடித்து இழுத்து வரப்பட்டவனுக்கு அதே சொல் அவமானம். கீழ்ப்படிவதை ஆணையிட்டுக் கற்றுத் தரலாம். தலைமைப் பண்பை அப்படிக் கற்றுத் தர முடியாது. இன்றும் ஆணைகள் இந்தியில்தான் இருக்கின்றன. ஆனால் பள்ளிகளில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் இல்லை. காரணம், விரும்பியவர்கள் மட்டும் சேர்கிறார்கள்.

இன்றைய பிரச்சினையே வேறு. 20,000 பேருடன் தொடங்கிய படை இன்று 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் எல்லாப் பள்ளியிலும் என்.சி.சி. கிடையாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அதற்கு ஆசிரியர் நாக்பூர் பக்கத்தில் உள்ள காம்ப்டிக்கும், ஆசிரியை குவாலியருக்கும் போய் வர வேண்டும். பள்ளியில் கிடைப்பது 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் 'பி', 'சி'. 'சி' இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான நேர்முகத் தேர்வு வரை போகலாம். கோச்சிங் போக வசதியில்லாத ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு! விருப்பம் இருந்தும் பள்ளியில் படை இல்லையென்றால், அந்தக் கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

1963-இலிருந்து 1968 வரை கல்லூரியில் படித்தவர்கள் இன்று தாத்தாக்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் 'சாவ்தான்' என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கிறாரா, முறைக்கிறாரா என்று பார்த்துவிட்டு, காரணத்தையும் கேளுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாறு அது.