பாராக்காரன் போகாத தெரு

ஊருக்கு ஒரு பாராக்காரனை வைக்கிறோம். இராத்திரியில் அவன் தடியைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் காதில் விழுகிறது, நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். ஆனால் அத்தனை தெருக்களுக்கும் அவன் போனானா, நம் தெருவையே நாலு தடவை சுற்றி வந்தானா என்பது யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சந்தேகம் எழுந்ததுண்டு. எழுதியதைச் சோதித்தாயிற்று, சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஆயிரம் வரியில் எத்தனை வரி ஓடிற்று? மில்லர், மலோனி என்ற இருவர் 1963-லேயே அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்கள். அளக்கும் முறை ஒன்றும் மந்திரவித்தை அல்ல. புரோகிராமில் வழி பிரியும் இடத்திலெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துவிடுவது. அந்த வழியாக ஓட்டம் வரும்போதெல்லாம் அவன் ஏட்டில் ஒரு கோடு கிழிப்பான். சோதனை முடிந்ததும் எவனுடைய ஏட்டில் கோடே இல்லையோ, அதுதான் பாராக்காரன் போகாத தெரு. போன தெருக்களின் விகிதத்துக்குத்தான் 'கவரேஜ்' என்று பெயர்.

இந்தக் கணக்கை ஒரு மனிதர் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனார் என்பதே நான் சொல்ல வந்த கதை.

2000-ம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், 'ஆஸ்கார் ஆஸ்டின்' என்ற போர்க்கப்பலுக்குரிய புரோகிராம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது என்று சொல்ல வேண்டிய புரோகிராம் அது. தகவல்களோ வேறொரு டேட்டாபேஸ் சர்வரில் இருந்தன. அது படுத்துவிட்டால், தொடர்பு கிடைக்கவில்லை என்று ஹிப்பின் திரையில் வரும். பழியும் ஹிப்பின் தலையில் விழும். நடுவில் சர்வர் எதற்கு, நேரே ஃபைலிலிருந்தே படித்தால் என்ன என்று நினைத்தார். எஸ்க்யூலைட் பிறந்தது அப்படித்தான். பிற்பாடு அது ஆண்ட்ராய்டு போன்களில் குடியேறிற்று. கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும், ஹிப்பின் மேஜைமேல் ஒரு நாளும் தலைகாட்டாத பிழைகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.

ஹிப் விமானக்காரர்களிடம் வழி கேட்டார். விமானத்துப் புரோகிராம்களுக்கு 1992-ல் வெளியான டி.ஓ.178-பி என்ற விதிநூல் அப்போது இருந்தது. தவறினால் விமானமே விழும் என்ற பகுதிகளுக்கு அது கேட்ட கவரேஜ் மிகவும் கண்டிப்பானது. 'மழையும் இல்லை, கையில் பணமும் இருக்கிறது என்றால் சினிமாவுக்குப் போ' என்று ஒரு கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போனதும் ஒரு நாள் போகாததும் அங்கே போதாது. பணம் இருந்தும் மழையால் நின்ற நாள் ஒன்று வேண்டும். வானம் வெளுத்திருந்தும் பணமில்லாமல் நின்ற நாள் ஒன்று வேண்டும்.

2008 செப்டம்பரில் ஹிப் இதற்கென்று புதிய சோதனைத் தொகுதி ஒன்றைத் தொடங்கினார். 2009 ஜூலை 25-ந் தேதி நூற்றுக்கு நூறு கிட்டிற்று. நடுவில் பத்து மாதம். அதில் கடைசி ஐந்து சதவீதம்தான் பிராணனை வாங்கியது. காரணம் தெளிவு. சாதாரண நாளில் ஓடும் வரிகளைச் சோதிக்க யாராலும் முடியும். மிஞ்சியவை ஆபத்துக் காலத்துக்கென்று எழுதிவைத்த வரிகள். நினைவிடம் தீர்ந்துபோனால் என்ன செய்வது, டிஸ்கில் பாதி எழுதும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? அவற்றைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆபத்தை நாமே உண்டாக்க வேண்டும். ஆகவே, முதல் தடவை நினைவிடம் கேட்டதுமே இல்லை என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு இரண்டாம் தடவையில் இல்லை என்றார்கள், பிறகு மூன்றாவதில். இப்படி, வேலை முழுவதும் பழுதில்லாமல் முடியும் வரை. 2023 கணக்குப்படி, எஸ்க்யூலைட் ஏறக்குறைய 1,55,800 வரி. அதைச் சோதிக்க எழுதியதோ 9 கோடி 20 லட்சம் வரிக்கு மேல். 590 மடங்கு! பிள்ளையைவிடக் காவல் பெரிது.

பாராக்காரன் தெருவில் போனான், சரி. கண்ணைத் திறந்துகொண்டு போனானா? அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். புரோகிராமில் ஒரு கிளையை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, சோதனை கூச்சல் போடுகிறதா என்று பார்ப்பது. போடாவிட்டால் அந்தச் சோதனை தூங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்த பிறகு, 2015-ல் ஸலெவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் தம் சோதனை யந்திரத்தை எஸ்க்யூலைட்டின் மேல் ஏவிவிட்டார். உள்ளே போகும் எழுத்துக்களைக் கண்டபடி திருகிப் பார்ப்பது அதன் வேலை. சொற்ப நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் புரோகிராம் முறிந்து விழுந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யந்திரத்துக்கு வழிகாட்டியவர்களும் நம்முடைய பழைய கணக்குப்பிள்ளைகளே. எந்தத் திருகல் புதிய தெருவுக்கு இட்டுச் சென்றதோ அதை வைத்துக்கொண்டு மேலும் திருகும்; மற்றதைத் தள்ளிவிடும்.

தெரு எல்லாவற்றிலும் நடந்தது உண்மை. ஆனால் எந்த மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தோம் என்பது அந்த ஏட்டில் இல்லை. ஹிப்பின் குழுவினரே இன்னொரு சங்கடத்தையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நூறு சதவீதம் வேண்டுமானால், ஒருக்காலும் போகவே முடியாத தெரு புரோகிராமில் இருக்கக் கூடாது. இருந்தால் கணக்கு நிறையாது, எடுத்துவிடத் தோன்றும். ஆனால் 'இப்படி வரவே வராது, ஒருவேளை வந்தால்' என்று முன்னெச்சரிக்கையாகப் போடும் தாழ்ப்பாள்கள் அந்த ஜாதிதான். அவற்றை எடுத்துவிட்டால், திருகித் திருகிப் பார்க்கும் விஷமிக்குக் கதவு திறந்தாற்போல் ஆகிவிடும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, அந்த இடங்களில் 'எப்போதும்' என்றோ 'ஒருபோதும்' என்றோ இரண்டு முத்திரைகளில் ஒன்றைக் குத்திவைப்பது. கவரேஜ் அளக்கும் நாளில் முத்திரை குத்திய கிளை கணக்கில் வராது. பிழை தேடும் நாளில், 'ஒருபோதும்' என்ற இடத்தில் அது நடந்துவிட்டால் புரோகிராம் அந்த நிமிஷமே நின்று முறையிடும். நம் கைப்போனுக்கு வருகிற பிரதியில் மட்டும் அந்தத் தாழ்ப்பாள்களைப் போட்டபடியே அனுப்பிவைக்கிறார்கள்.