அற்புதமும் தோம்பும்: வடமராட்சியிலிருந்து ஒரு நோக்கு

பருத்தித்துறையிலே பெரியதொரு புளியமரத்தின் நிழலில் ஒல்லாந்தப் போதகர் பிலிப்புஸ் பல்டேயஸ் சமயம் போதித்தார் என்பது நெடுநாள் மரபு. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் இங்கு வந்த அவர், 1672இல் ஆம்ஸ்ற்றடாமில் வெளியான தமது நூலிலே வடமராட்சியின் கோவிற்பற்றுகளான கட்டைவேலி, உடுப்பிட்டி, பருத்தித்துறை ஆகிய மூன்றையும் குறிப்பிடுகின்றார். அவர் போதித்த சமயத்தில் புதிய அற்புதங்களுக்கு இடமில்லை. அப்போஸ்தலர் காலத்துடன் அவை நின்றுவிட்டன என்பது கல்வினியரின் துணிபு. திருச்சுரூபங்களை அவர்கள் விக்கிரகங்கள் என்றே தள்ளினர். அற்புதம் நீங்கிய கிறிஸ்தவம் மக்களிடையே வேரூன்றுமா என்ற வினாவுக்கு எமது குடாநாடு இவ்வாறு ஒரு சோதனைக் களமாயிற்று.

அதற்கு முந்திய நிலையை முதலிற் பார்ப்போம். கடலுக்கு அப்பால், முத்துக்குளித்துறையில் நிகழ்ந்த ஒன்றைச் சவேரியார் 1542ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியுள்ளார். மூன்று நாட்களாகப் பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண், ஞானஸ்நானம் பெற்றதும் பிள்ளையைப் பெற்றாள். ஊரவர் வியந்தனர். எனினும் உடனே மதம் மாறிவிடவில்லை. அரசனுக்காக வரி அறவிட அங்கு வந்திருந்த அதிகாரியின் அனுமதியைப் பெற்ற பின்னரே மாறினர். அற்புதத்தை மட்டும் எடுத்தோதும் பக்தி நூல்கள் வரி அதிகாரியை மறந்துவிடுகின்றன. அதிகாரத்தை மட்டும் நோக்கும் எம்போன்றோர் அப்பெண்ணை மறந்துவிடுகின்றோம். அதே சவேரியார் தமக்குத் தமிழ் தெரியாமையைப் பற்றிக் கடிதங்களில் வருந்தியிருக்க, பின்வந்தோர் அவருக்குப் பன்மொழி பேசும் வரத்தை ஏற்றியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் 1614இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் வேண்டுகோளின்படி அன்னக்குட்டி என்ற சிற்பி மாதா சுரூபம் ஒன்றைச் செதுக்கினான். வேலை முடியுமுன்னரே அதனிடத்து அற்புதங்கள் நிகழ்ந்தன என்று சபை வரலாறுகள் கூறுகின்றன. 1619இல் இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் கட்டிய கோட்டைக்கு அற்புத மாதாவின் பெயரே இடப்பட்டது. உள்ளூர்ச் சிற்பியின் கொட்டிலில் தோன்றிய நம்பிக்கை பீரங்கி மதில்களுக்குப் பெயராகிய இம்மாற்றத்தைச் சாதாரணமாகக் கொள்ள முடியாது. ஆட்சியோடு ஒட்டிய அற்புதம் அவ்வாட்சியோடு அழிந்திருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்.

நிகழ்ந்ததோ வேறு. ஒல்லாந்தர் 1658இலேயே கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை விதித்தனர். தேவாலயங்களைத் தமதாக்கினர். ஞானஸ்நானம் பெற்றோரின் பெயர்களைப் பாடசாலைத் தோம்புகளிற் பதிந்தனர். விவாகத்தின் செல்லுபடி, முதுசத்தின் உரிமை, உத்தியோகம் யாவும் அப்பதிவைத் தழுவி நின்றமையால் தோம்பிலே பெயர்கள் பெருகின. இவர்களுட் பலர் பெயரளவிலேயே கிறிஸ்தவர் என்பதைப் பல்டேயஸ் தாமே உணர்ந்திருந்தார். 1795இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும் அச்சபை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மறைந்துவிட்டது.

கத்தோலிக்கர் மறையவில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே மறைந்திருந்த விசுவாசிகளை இனங்கண்டார். சில்லாலை அவருக்கு அடைக்கலமாயிற்று. குருவின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்காலத்தில் நம்பிக்கையைக் காத்தவை செபங்களும், வீட்டில் ஒளித்த சுரூபங்களும், வாய்மொழியாக வந்த அற்புதக் கதைகளுமே என்பது எமது கருத்து. கரையோரச் சமூகங்களின் தொழிற் கட்டுக்கோப்பும் சாதி ஒருமையும் இதற்குத் துணைநின்றன. கதை மட்டும் ஒரு சமூகத்தைத் தாங்கியிராது.

பின்னர் கண்டியிலே வரட்சிக் காலத்தில் வாஸ் அடிகளார் மன்றாட மழை பொழிந்தது என்றும், அதனால் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் தயவு கிடைத்தது என்றும் கூறுவர். மழையைப் பற்றி வரலாற்றாசிரியன் தீர்ப்புக் கூற இயலாது. 1697இல் அந்நகரைப் பெரியம்மை வாட்டியபோது, கைவிடப்பட்டோரை அவர் பராமரித்தமை பற்றியோ ஐயமில்லை. 2015 ஜனவரி 14இல் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழமையாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதத்தைத் திருச்சபை கேட்கவில்லை.

சுரூபங்களைத் தள்ளிய பல்டேயஸிடம் இனி மீளுவோம். அவர் காலத்துத் தோம்புகளை இன்று ஆய்வாளர் மட்டுமே தேடுகின்றனர். பருத்தித்துறை மக்களோ நூற்றாண்டுகளாக அவரை நினைவுகூர்ந்தது அவரது பிரசங்கங்களால் அன்று, ஒரு புளியமரத்தால்.