உழவும் உடைமையும்: ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் நில இழப்பு வரலாறு

வேட்டை, மேய்ச்சல், உழவு, வணிகம் என்ற படிகளில் மனித சமூகங்கள் மேலேறுகின்றன என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர் பலரின் கோட்பாடு. அதன் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்களே 'காட்டுமிராண்டிகள்' எனப்பட்டனர். இந்த வகைப்பாடு ஏட்டளவில் நில்லாமல் நிலவுரிமையைத் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. உழைப்பைச் செலுத்திப் பண்படுத்தியவருக்கே நிலம் உடைமை என்று ஜான் லாக் அதற்கு முன்பே வாதிட்டிருந்தார். உழாமல் பரந்த பரப்பில் அலைந்து வாழ்வோர் தம் தேவைக்கு மிஞ்சிய நிலத்தைத் தமதெனக் கொள்ள இயலாது என்று எமெரிக் டி வாட்டெல் 1758இல் வெளியிட்ட சட்டநூலில் எழுதினார்.

தாம் காணும் நாட்டில் வாழ்வோரின் இசைவுடன் நிலத்தைக் கைக்கொள்ளுமாறு பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக்குக்கு 1768இல் ஆணையிடப்பட்டிருந்தும், அவர் 1770இல் எவரது இசைவுமின்றி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை மன்னருக்கு உரியதாக அறிவித்தார். அவருடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ், அங்கு மக்கள் மிகக் குறைவு என்று 1779இல் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் அளித்தார். 1788இல் குடியேற்றம் தொடங்கியது. 'டெர்ரா நல்லியஸ்', அதாவது எவருக்கும் உரியதல்லாத நிலம், என்ற இலத்தீன் தொடர் இவ்வாறு நிலத்தைக் கைக்கொள்ளும் நடைமுறைக்குப் பிற்காலத்தில் இடப்பட்ட பெயராயினும், நடைமுறை அன்றே வேரூன்றிவிட்டது.

1835இல் ஜான் பேட்மன் என்ற குடியேறி, போர்வைகளையும் கத்திகளையும் மாவையும் கொடுத்து, இன்றைய மெல்பர்ன் பகுதியின் பெருநிலத்தை உருன்ஜெரி என்ற தொல்குடியின் மூத்தோரிடமிருந்து வாங்கியதாக ஓர் உடன்படிக்கையைக் காட்டினார். ஆளுநர் ரிச்சர்ட் பர்க் அதைச் செல்லாது என அறிவித்தார். அந்த உடன்படிக்கை வஞ்சகமானதுதான். ஆனால் அது வீழ்ந்ததற்குக் காரணம் விலையின் அநீதி அன்று. நிலம் முழுவதும் அரசுக்குரியது, ஆகவே விற்பதற்கு அம்மக்களிடம் உரிமையே இல்லை என்ற வாதமே.

அதே உருன்ஜெரி மக்களும் அவர்களின் உறவுக் குழுக்களும் 1863இல் கொராண்டர்க் என்ற தொல்குடி நிலையத்தில் குடியமர்ந்து, பீர் வடிப்பில் பயன்படும் ஹாப்ஸ் பயிரைச் சிறப்புற விளைவித்தனர். உழவே உரிமைக்கு அடிப்படை என்ற கூற்று மெய்யானால், அந்நிலம் அவர்களிடம் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் அயலார் அதன்மீது கண் வைத்தனர். வில்லியம் பராக் தலைமையில் மக்கள் மனுக்கள் கொடுத்துப் போராடியும், 1886ஆம் ஆண்டுச் சட்டம் கலப்பு வம்சத்து இளையோரை வெளியேற்றி உழைக்கும் கைகளைப் பறித்தது. 1924இல் நிலையமே மூடப்பட்டது.

யோல்ங்கு என்ற தொல்குடி மக்கள் நிலவுரிமை கோரித் தொடுத்த வழக்கில் 1971இல் தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன், அவர்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருப்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டும், நிலம் முழுவதும் அரசுக்குரியது என்ற பழைய கோட்பாட்டை மீற முடியாமல் உரிமையை மறுத்தார். 1992இல் மாபோ வழக்கில்தான் உயர் நீதிமன்றம் அக்கோட்பாட்டைத் தள்ளியது. வென்ற மெரியம் மக்கள் தோட்டப் பயிர் செய்யும் தீவினர் என்பது கவனிக்கத்தக்கது.

அதன்பின் உரிமை கோருவோர், மரபு அறாமல் தொடர்வதை நிறுவ வேண்டியதாயிற்று. யோர்ட்டா யோர்ட்டா என்ற தொல்குடியினரின் வழக்கில் 1998இல் விசாரணை நீதிபதி, மக்களின் வாய்மொழிச் சாட்சியத்தைவிட எட்வர்ட் கர் என்ற குடியேறிய பண்ணையாரின் எழுத்துக்கு மிகுந்த மதிப்பளித்தார். பயிர் செய்ய நிலம் வேண்டி அவர்களின் முன்னோர் 1881இல் ஆளுநருக்கு அளித்த மனுவை, மரபைக் கைவிட்டதற்கான சான்றாக அவர் கொண்டார்; 2002இல் உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.