சுத்துமாத்துக்கு ஒரு சட்டம்

மேசையைச் சுற்றியிருந்து கதை சொல்லி ஆடுற பாத்திர விளையாட்டுகளில் வாள்சண்டைக்குச் சட்டம் எழுதுறது சுகம். பகடையை உருட்டினால் வெட்டு விழுந்ததா இல்லையா எண்டு தெரிஞ்சிடும். ஆனா ஒருத்தர் இன்னொருத்தரைப் பேய்க்காட்டுறதுக்கு எப்பிடிச் சட்டம் எழுதுறது? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 'பிரௌன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். படைகளை நகர்த்திப் பழகியவர்களுக்கு அதில் ஆளுக்கொரு பாத்திரம் கிடைத்தது. அதே வரிசையில் பின்னால வந்த ஓர் ஆட்டம் கற்பனையான ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டில் நடந்தது. அதில் மாணவப் புரட்சிக்காரராக ஆடிய டேவ் ஆர்னசன், தான் சிஐஏ ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்தார். அதுக்குப் பகடை தேவைப்படேல்லை. வாய்தான் முதல்.

அதே ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகைப் பாத்திரங்கள். திருடன் 1975இல் 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலோடு வந்தான். பூட்டுத் திறக்க, பொறி அகற்ற, நிழலில் ஒளிக்க என்று எல்லாத்துக்கும் சதவீதம் போட்டார்கள். முதல் மட்டத் திருடனுக்கு நிழலில் ஒளிக்கிற வாய்ப்பு வெறும் 10 சதவீதம்! அதுவரை யாரும் "நான் தூணுக்குப் பின்னால ஒளிக்கிறன்" என்று சொல்லலாம். ஆட்டத்தை நடத்துறவர் யோசித்து முடிவு சொல்லுவார். இலக்கம் எழுதின பிறகு, அது திருடனின்ர வேலை எண்டு ஆகிப்போச்சு.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு பொய்யையும் பகடைக்குள் கொண்டுவந்தது. பொய் சொல்லுறவரும் கேட்கிறவரும் ஆளுக்கொருக்கா உருட்ட வேணும், கூட எடுத்தவர் வெல்லுவார். இதைக் குறை சொல்லுறவர்கள் பலர். பொய்யில இருந்த சுவையே போயிட்டுது என்பார்கள். ஆனால் கூச்சப்பட்டு நாலு சொல் கதைக்காதவரும் பெரிய எத்தனாக ஆட வழிவிட்டது இந்தச் சட்டம்தான். வாய்க்காரர் மட்டும் வெல்லுற மேசை எல்லாருக்குமான மேசை இல்லை.

2017இல் ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' வேறு வழி பிடித்தது. ஆட்டத்தின் நடுவில், மாட்டுப்படப் போற நேரத்தில், "இந்தக் காவலாளிக்கு நான் நேற்றே காசு குடுத்திட்டன்" என்று பின்னோக்கிப் போகலாம். எவ்வளவு நம்பமுடியாத ஏற்பாடோ, அவ்வளவு மன அழுத்தப் புள்ளிகள் செலவாகும். சுத்துமாத்துக்கு விலை வந்தது, சுவையும் தப்பியது.

எங்கட நிலைப்பாடு இதுதான். என்ன பொய் என்பதை ஆடுறவர் சொல்லட்டும். அழகாச் சொல்லத் தேவையில்லை. அது எடுபட்டதா என்பதைப் பகடை சொல்லட்டும். பலமில்லாத பாத்திரத்துக்குத் தந்திரம்தான் ஆயுதம். அந்த ஆயுதம் யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது, சட்டம் எழுதுறவரின் பேனை.