மரக்கடைசல் லேத்: சுவிட்சைப் போடும் முன் என்னென்ன கவனிக்கணும்?

கட்டில் கால், மாடிப்படிக் கம்பம், பம்பரம் என லேத்தில் கடைந்தெடுக்கும் பொருட்கள் பல. காரைக்கால் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒலிக்கும் நாதஸ்வரமும் கடைசலில் உருவாவதுதான். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த வேலையில் விபத்து ஒரு நொடியில் நடந்துவிடும். சுதாரிக்க நேரம் இருக்காது. அதனால், பாதுகாப்பு வேலைகளில் பெரும்பகுதி மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே முடிந்திருக்கணும்.

உளியை விட ஆபத்து எது?

சுற்றும் மரம்தான். மற்ற மெஷின்களில் பிளேடு சுற்றும். இங்கே மரமே சுற்றுகிறது. தளர்வான எதுவும் அதில் மாட்டினால், துணியோடு சேர்த்துக் கையையும் இழுத்துவிடும். தோளில் போட்ட துண்டு, கைலி முனை, தொங்கும் முழுக்கை, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. நீளமான முடியை இறுக்கிக் கட்டணும். கைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து கையுறை போடுவதும் தவறு. அதுவும் மாட்டிக்கொள்ளும்.

எந்த மரத்தை ஏற்றக் கூடாது?

வெடிப்பு விட்டது, உளுத்தது, முடிச்சு தளர்ந்தது ஆகியவை சுற்றும்போது பிளந்து பறக்கலாம். பழைய வீட்டை இடித்து எடுத்த மரம் என்றால், உள்ளே ஆணி இருக்கிறதா என்று நன்றாகத் தேடிப் பார்க்கணும்.

எவ்வளவு வேகம் சரி?

மெஷின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2 அங்குல விட்டமுள்ள கம்பின் விளிம்பு மணிக்கு சுமார் 29 கி.மீ. வேகத்தில் நகரும். அதே சுற்றில் 10 அங்குல மரத்தின் விளிம்பு வேகம் சுமார் 144 கி.மீ.! மரம் பெரிதானால் சுற்றைக் குறைக்கணும் என்பது இதனால்தான்.

விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வரணும் என்பது கடைசலில் உள்ள பொதுவான கணக்கு. 10 அங்குல மரத்துக்கு 600 முதல் 900 சுற்று. உருண்டை வராத கரடுமுரடான மரத்தை மிகக் குறைந்த வேகத்தில்தான் தொடங்கணும்.

சுவிட்சைப் போடும் முன்:

* உளி வைக்கும் தாங்கி மரத்துக்கு அருகில், சுமார் 3 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும். இடைவெளி அதிகமானால் உளி உள்ளே இழுபடும்.
* மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கக் கூடாது.
* எல்லாத் திருகும் இறுகியிருக்கிறதா எனப் பாருங்கள்.
* முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் போடுங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது.
* மரம் சுற்றும் நேர்கோட்டில் நிற்காமல், ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுங்கள்.

ஓடும்போது கவனம்

உளியை முதலில் தாங்கியில் ஊன்றிய பிறகே மரத்தில் தொடணும். தாங்கியை நகர்த்த, மரத்தை அளக்க மெஷினை நிறுத்தணும். உப்புத்தாள் தேய்க்கும்போது தாங்கியை எடுத்துவிடணும். பாலிஷுக்குத் துணி வேண்டாம். இழுத்தால் கிழிந்துவிடும் காகிதம் நல்லது.

கரண்ட் போனால் உடனே சுவிட்சை ஆஃப் செய்யணும். இல்லாவிட்டால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அப்போது கை மரத்தின் மேல் இருந்தால் பெரும் ஆபத்து.

மரத்தூளும் ஆபத்தா?

ஆமாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்துள்ளது. சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது. என்95 மாஸ்க் அவசியம்.

அடிபட்டால் என்ன செய்வது?

காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, 108-ஐ அழைக்கணும். கண்ணில் சில்லு குத்தியிருந்தால் பிடுங்கவோ தேய்க்கவோ கூடாது. விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும். விரல் மீது ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.