ஹல் ஹவுஸ்: ஏழைகள் தெருவில் ஒரு சமூக மன்றம்



சமூக மன்றம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கேரம் பலகை, பூப்பந்து, ஒரு கலியாண விருந்து. அவ்வளவுதானே? ஆனால், ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்ற வைத்த மன்றம் ஒன்று இருந்தது. அதன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஹால்ஸ்டெட் தெரு. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், யூதர் என்று பல இனத்து ஏழைகள் அந்த வட்டாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அங்கே ஹல் என்பவர் 1856-ல் கட்டிய பழைய வீடு ஒன்று இருந்தது. 1889 செப்டம்பர் 18-ஆம் நாள் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் அதில் குடியேறினார்கள். இருவரும் படித்தவர்கள். ஏழைக்கு உதவ வேண்டுமானால் அவன் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற பாடத்தை, லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் இருந்த டாயின்பீ ஹாலைப் பார்த்து ஆடம்ஸ் கற்றிருந்தார்.

முதலில் பாலர் வகுப்பு வந்தது. பிறகு, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். நம் தோட்டத்து ஆயாக்கொட்டகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரவு வகுப்பு, குளியலறை, விளையாட்டுத் திடல் என்று வளர்ந்து, 1911-க்குள் 13 கட்டடங்கள் ஆயின.

முதல் கிறிஸ்துமஸ் விழாவில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். மிட்டாய் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை உண்டா? விசாரித்தால், அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஆறு வாரமாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை. மிட்டாயைக் கண்டாலே பிடிக்கவில்லை! அதே குளிர்காலத்தில், மன்றத்துக்கு வரும் மூன்று பையன்கள் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் பிழைத்திருப்பான்.

மன்றத்தினர் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அங்கே தங்கியிருந்த புளோரன்ஸ் கெல்லி வீடு வீடாகப் போய் விவரம் திரட்டினார். அதன் பலனாக இல்லினாய் மாநிலத்தில் 1893-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலையில் வைக்கக்கூடாது. பெண்களுக்கு 8 மணி நேர வேலை. 1895-ல் அந்த 8 மணி நேர விதியை நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனாலும் பிள்ளைகளைக் காக்கும் போராட்டம் நிற்கவில்லை.

இன்னொரு சங்கதி. பள்ளிக்குப் போய் ஆங்கிலம் பேசிய பிள்ளைகள், பெற்றோரைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். அதைக் கண்ட ஆடம்ஸ், 1900-ல் தொழிற் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். அங்கே தாய்மார்கள் தங்கள் ஊர் வழக்கப்படி நூல் நூற்றுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். 'என் அம்மாவுக்கு இவ்வளவு திறமையா!' என்று பிள்ளைகளே வியந்தார்கள்.

ஆடம்ஸ் 1931-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார்; 1935-ல் மறைந்தார். 1960-களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காக, வட்டார மக்கள் போராடியும் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மிஞ்சிய பழைய வீடு 1967 முதல் அரும்பொருளகமாக இருக்கிறது.

கட்டடம் போகலாம், செய்த காரியம் போகாது. பெற்றோர்களே, பள்ளியிலோ மன்றத்திலோ கூட்டம் என்றால் தவறாமல் வாருங்கள். பிள்ளையின் குறையை நாம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்? மாணவர்களே, இன்று பரிசு வாங்கும் உங்கள் கைக்குப் பின்னால் பால் மரம் வெட்டிக் காய்த்த கை ஒன்று இருக்கலாம். அதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள், பெருமைப்படுங்கள்!